கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று: கட்டுரை வினாவைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எந்த வழி?

ஆறாம் வகுப்புக்கு இப்படி ஒரு வினா கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்:

“வைகை ஆற்றைத் தூய்மையாக வைத்திருக்க உன் வகுப்பு மாணவர்கள் செய்யக்கூடிய இரண்டு செயல்களைக் கூறி, அவை எவ்வாறு பயன் தரும் என்பதை விளக்கி, மாநகராட்சி ஆணையருக்குக் கடிதம் எழுதுக.”

வந்து சேரும் தாள்களில் பல இப்படித் தொடங்கும்: “வைகை ஆறு வருசநாட்டு மலையில் தோன்றுகிறது. இதன் நீளம் 258 கிலோமீட்டர். ஆண்டிபட்டி அருகே வைகை அணை கட்டப்பட்டுள்ளது. சித்திரை மாதம் அழகர் இந்த ஆற்றில் இறங்குகிறார்.” தகவலில் தப்பில்லை. எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் கேட்டவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை.

நன்னூல் எட்டு வகை விடைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று இனமொழி விடை. “ஆடத் தெரியுமா?” என்று கேட்டால் “பாடத் தெரியும்” என்பது. வைகைக் கட்டுரையும் அந்த வகைதான். பேச்சில் அது செல்லும், விடைத்தாளில் செல்லாது. இப்படி எழுதும் பிள்ளையிடம் “இன்னும் நல்லாப் படி” என்று சொல்லிப் பயனில்லை. அது படித்திருக்கிறது. வினாவில் தனக்குத் தெரிந்த பெயர்ச்சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய ஆசிரியர்களும் மாலை வகுப்பு நடத்துபவர்களும் கையாளும் வழிகள் ஐந்து: ஆசிரியரே விளக்கிச் சொல்வது, வினாவில் குறியிட வைப்பது, பிள்ளையைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்லவைப்பது, ஐந்து கேள்விச் சட்டகத்தை நிரப்பவைப்பது, மாதிரி விடைகளை ஒப்பிடவைப்பது. ஐந்தும் உதவும். ஆனால் ஐந்தையும் ஒரே பாடவேளையில் கலந்து கொடுத்தால் பிள்ளைக்கு எழுத நேரமே மிஞ்சாது. எதை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் தாள்களைப் பிரித்துப் பாருங்கள்

வழியைத் தேர்வதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. மேலே உள்ளது போல மூன்று வேலை கேட்கும் வினா ஒன்றைக் கொடுத்து, எந்த விளக்கமும் சொல்லாமல் எழுதவையுங்கள். மதிப்பெண் போட வேண்டாம். தாள்களை நான்கு கட்டாகப் பிரியுங்கள்.

முதல் கட்டு, தலைப்பைப் பற்றி மட்டும் எழுதியவை. இரண்டாவது, கேட்ட வேலைகளில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டவை. பெரும்பாலும் “கூறி” நிறைவேறியிருக்கும், “விளக்கி” காணாமல் போயிருக்கும். மூன்றாவது, உள்ளடக்கம் சரியாக இருந்தும் வடிவமோ வாசகரோ மாறியவை. கடிதம் கேட்டால் கட்டுரை, ஆணையருக்குக் கேட்டால் நண்பனுக்கு. நான்காவது, நோட்ஸில் மனப்பாடம் செய்த கட்டுரையை அப்படியே இறக்கியவை. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளையிடம் “உன் ஊர்த் திருவிழா” என்று கேட்டால் மதுரைச் சித்திரைத் திருவிழா வருகிறதே, அது இந்தக் கட்டு.

முதல் கட்டும் நான்காவதும் வெளியில் ஒன்றுபோலத் தெரியும். வேறுபாடு கண்டுபிடிக்க ஒரு வழி: பிள்ளையைக் கூப்பிட்டு வினாவை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறிப் படித்தால் சிக்கல் வாசிப்பில் இருக்கிறது. அதற்கு இந்த ஐந்து வழிகளில் எதுவும் மருந்தாகாது, வாசிப்புப் பயிற்சிதான் வேண்டும். சரளமாகப் படித்துவிட்டு, “டீச்சர், இது நோட்ஸ்ல இல்லையே” என்று கேட்டால் அது நான்காவது கட்டு.

எந்தக் கட்டு பெரிதாக இருக்கிறதோ அதைப் பொறுத்தே வழி.

ஆசிரியரே விளக்கிச் சொல்வது

இரண்டு நிமிட வேலை. வகுப்பு அமைதியாக இருக்கும், எல்லாத் தாளும் ஒழுங்காக வரும். அன்றைக்கு மட்டும். ஆசிரியர் வினாவைப் பிரித்துப் போட்டுவிட்டதால் பிரிக்கும் வேலையைப் பிள்ளை செய்யவே இல்லை. அடுத்த வாரம் வேறு வினா வந்தால் பழையபடி முகத்தைப் பார்க்கும்.

இருந்தாலும் இதை முழுதாக ஒதுக்கக் கூடாது. வினாவில் பிள்ளைக்குத் தெரியாத சொல் இருந்தால் சட்டென்று சொல்லிவிட வேண்டும். “காட்சியைக் கண்டு கவினுற எழுதுக” என்பதில் “கவினுற” என்றால் அழகாக என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். அதை யூகிக்கச் சொல்லி ஐந்து நிமிடம் செலவழிப்பது வீண். “புலப்படுத்துக”, “எடுத்துரைக்க” போன்றவையும் அப்படியே. சொல்லின் பொருளை ஆசிரியர் சொல்லலாம், வினாவில் எத்தனை வேலை இருக்கிறது என்பதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த எல்லையை வைத்துக்கொண்டால் போதும்.

வினாவில் குறியிடுவது

பல பள்ளிகளில் இப்போது நடப்பது இதுதான். என்ன செய்ய வேண்டும் என்ற சொல்லை வட்டமிடு, தலைப்பை அடிக்கோடிடு, எண்ணிக்கையையும் வடிவத்தையும் பெட்டிக்குள் போடு. ஒரு பென்சில் போதும். மூன்று நிறப் பேனா கேட்கும் வகுப்புகளில் பாதி நேரம் பேனா கடன் வாங்குவதில் போகிறது.

ஆனால் தமிழ் வினாவில் இதை எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கிலப் பாடத்துக்குச் சொல்லிக்கொடுத்த முறையை அப்படியே தமிழுக்கும் சொல்லி, “முதலில் வரும் கட்டளைச் சொல்லைத் தேடு” என்கிறார்கள். தமிழ் வாக்கியத்தில் கட்டளை கடைசியில் வருகிறது. வைகை வினாவைப் பாருங்கள். “வைகை” முதல் சொல், “எழுதுக” கடைசிச் சொல். நடுவில் இருக்கும் நீளத்தைக் கடப்பதற்குள் பிள்ளையின் மனம் வைகையில் குடியேறிவிடுகிறது. அதனால் குறியிடுவதைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். எழுதுக. என்ன எழுத? கடிதம். யாருக்கு? ஆணையருக்கு. அதற்கு முன்னால் என்ன? விளக்கி. எதை? எவ்வாறு பயன் தரும் என்பதை. அதற்கும் முன்னால்? கூறி. எதை? இரண்டு செயல்களை. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் “வைகை” கடைசியாகத்தான் கையில் கிடைக்கும். அதற்குள் வேலைகள் எல்லாம் வெளியே வந்திருக்கும்.

அடுத்த சறுக்கல் வினையெச்சம். வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை மட்டும் வட்டமிட்டால் “கடிதம் எழுதுக” மட்டும் கிடைக்கும். உண்மையான வேலை “கூறி”, “விளக்கி”, “ஒப்பிட்டு”, “சுட்டிக்காட்டி” என்ற எச்சங்களில் ஒளிந்திருக்கிறது. இரண்டாம் கட்டுத் தாள்கள் பெருகுவதற்கு இது பெரிய காரணம். எச்சங்கள் எல்லாவற்றையும் வட்டமிடச் சொன்னால் வேறொரு குழப்பம் வரும். “பத்தியைப் படித்து”, “படத்தைப் பார்த்து”, “குறிப்புகளைக் கொண்டு” என்பவையும் எச்சம்தான், ஆனால் அவை எழுதுவதற்கு முன் செய்யும் ஆயத்தம். பிரித்தறிய ஒரு சோதனை போதும்: திருத்துபவர் இதை உன் தாளில் கண்ணால் பார்க்க முடியுமா? படித்ததைப் பார்க்க முடியாது, விட்டுவிடு. விளக்கியதைப் பார்க்க முடியும், வட்டமிடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எச்சம், முற்று என்ற பெயர்கள் தெரிய வேண்டியதில்லை, இந்தச் சோதனை தெரிந்தால் போதும்.

மூன்றாவது, பீடிகை. “மதுரை மல்லிகை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இதனால் மல்லிகை விவசாயிகளுக்கு என்ன பயன் கிடைக்கும் எனக் கருதுகிறாய்? இரண்டு காரணங்களுடன் எழுதுக.” முதல் வாக்கியம் வேலை எதுவும் தரவில்லை, தகவல் மட்டும் தருகிறது. பிள்ளைகள் அதைத்தான் ஒரு பக்கம் நீட்டுகிறார்கள். தகவல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறி போடப் பழக்கினால் இது குறையும்.

குறியிடலின் குறை என்ன? நோட்டைப் பார்க்க அழகாக இருக்கும், பிள்ளை புரிந்துகொண்டது போலவே தோன்றும். வட்டம் சரியாகப் போட்டுவிட்டு, கீழே வைகை அணையைப் பற்றி எழுதும் பிள்ளைகள் உண்டு. கை செய்த வேலையை மனம் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே குறியிட்டதும் எழுத விடாமல், ஓரத்தில் 1, 2, 3 என்று போட்டு ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே இரண்டு சொல் எழுதச் சொல்ல வேண்டும். வினாத்தாளில் எதையும் எழுதக் கூடாது என்று சொல்லும் தேர்வறையில் வட்டம் போட முடியாது, ஓரத்து எண்கள்தான் கைகொடுக்கும். அதற்கும் இது பழக்கம்.

தன் பேச்சில் திருப்பிச் சொல்வது

செலவில்லாத வழி. மூன்றாம் வகுப்பிலிருந்தே செய்யலாம். வினாவைப் படித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், வினாவைப் பார்க்காமல், என்ன கேட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம்.

பேச்சுத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்பதை வலியுறுத்துகிறோம். வினா எழுத்துத் தமிழில் இருக்கிறது. அதை எழுத்துத் தமிழிலேயே சொல்லச் சொன்னால் பிள்ளை சொற்களை ஒப்பிக்கும், பொருள் நகராது. “நம்ம கிளாஸ் பிள்ளைக செய்யிற மாதிரி ரெண்டு வேல சொல்லணும் டீச்சர், அதுனால ஆத்துக்கு என்ன நல்லதுன்னு சொல்லணும், கமிஷனருக்கு லெட்டர் மாதிரி எழுதணும்” என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அதை “ஒழுங்காப் பேசு” என்று திருத்தினால் அடுத்த முறை வாய் திறக்காது. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகள் கணிசம். இரண்டு பேர் அருகருகே இருந்தால் அவர்கள் அதிலேயே சொல்லிக்கொள்ளட்டும்.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “என்ன கேட்டிருக்கு?” என்றால் பிள்ளை “வைகையச் சுத்தமா வச்சுக்கிறதப் பத்தி” என்று சொல்லும். ஆசிரியர் தலையாட்டிவிடுவார். அது தலைப்பு மட்டுமே. கேள்வியை மாற்ற வேண்டும்: “நீ எழுதி முடிச்சதும் உன் தாள்ல என்னென்ன இருக்கும்?” இதற்குத் தலைப்பைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ரெண்டு வேல இருக்கும், காரணம் இருக்கும், மேல ஆணையர் முகவரி இருக்கும் என்று பொருள்களாக எண்ணித்தான் ஆக வேண்டும்.

வகுப்பில் 40 பேர் இருந்தால் எல்லோர் சொல்வதையும் கேட்க முடியாது. அதுதான் இதன் எல்லை. சுட்டியான நான்கு பேர் சொல்ல, மற்றவர் “ஆமா” போடுவார்கள். அதற்குத் துண்டுச் சீட்டு நல்லது. அரைக்கால் தாளில் “என் தாளில் இருக்கப்போவது” என்று எழுதி, கீழே மூன்று வரி. இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடலாம். பிள்ளைகள் யோசிக்கும் நேரத்தில் ஆசிரியர் சீட்டுகளைப் புரட்டினால் யார் வழி மாறிப் போகிறார்கள் என்று எழுதத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். முழுக் கட்டுரை எழுதி முடித்த பிறகு “கேட்டதை எழுதவில்லை” என்று சிவப்பு மையில் எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். அந்தச் சிவப்பு வரியைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் உழைப்பு வீண் என்பது மட்டும்தான் தெரியும், எங்கே பிசகியது என்பது தெரியாது.

ஐந்து கேள்விச் சட்டகம்

யாராக எழுதுகிறேன், யாருக்கு எழுதுகிறேன், எதைப் பற்றி, எந்த வடிவத்தில், என்னென்ன கட்டாயம் இருக்க வேண்டும். தாளின் பாதியில் ஐந்து கட்டம் போட்டு நிரப்புவது. முதல் சில முறை 10 நிமிடம் ஆகும், பழகினால் 3 நிமிடம்.

கடிதம், விண்ணப்பம், உரையாடல், வேறொன்றாக நின்று எழுதுவது ஆகியவற்றில் இதற்கு நிகர் இல்லை. “யானைமலை பேசுவதாகக் கற்பனை செய்து, தன்னைக் காண வரும் மாணவர்களிடம் அது என்ன கேட்டுக்கொள்ளும் என்று எழுதுக” என்ற வினாவில் பெரும்பாலோர் யானைமலையைப் பற்றி எழுதிவிடுவார்கள். முதல் கட்டத்தில் “யானைமலையாக” என்றும் இரண்டாவதில் “மாணவர்களுக்கு” என்றும் எழுதிவிட்டால் முதல் வாக்கியமே “பிள்ளைகளே” என்று வந்து நிற்கும். மூன்றாம் கட்டுத் தாள்கள் அதிகம் இருந்தால் இதையே முதலில் எடுக்கலாம்.

காரணம் கூறுக, ஒப்பிடுக போன்ற வினாக்களில் இது பொருந்தாது. யாராக, யாருக்கு என்ற கட்டங்கள் காலியாக இருக்கும். காலியாக விடப் பயந்து பிள்ளை “மாணவன்”, “ஆசிரியர்” என்று எதையாவது போடும். அப்புறம் சட்டகமே ஒரு சடங்காகிவிடும். பொருந்தாத கட்டத்தில் கோடு போட்டுவிடலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மாதிரி விடைகளை ஒப்பிடுவது

ஆசிரியருக்கு வேலை அதிகம் வைக்கும் வழி இது. பயனும் இதில்தான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடும் முதல் கட்டுப் பிள்ளைகளுக்கு மற்ற வழிகள் எல்லாம் “கவனமாகப் படி” என்பதன் வெவ்வேறு வடிவங்கள்தான். தலைப்பைப் பற்றி எழுதுவது வேறு, கேட்டதை எழுதுவது வேறு என்ற வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதை இந்த வழி மட்டும்தான் காட்டுகிறது.

ஒரு வினா, மூன்று விடை. வைகை வினாவுக்கே செய்து பார்க்கலாம்.

அ. “வருசநாட்டு மலையில் பிறந்து மதுரைக்கு அழகு சேர்ப்பது வைகை. சித்திரையில் அழகர் இறங்கும்போது கரை முழுவதும் மக்கள் வெள்ளம். அத்தகைய ஆற்றில் இன்று குப்பை மிதப்பது நெஞ்சை வருத்துகிறது. ஆற்றைக் காப்பது நம் அனைவரின் கடமை. இன்றே உறுதி ஏற்போம்.”

ஆ. “மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் ஆற்றங்கரைக்குப் பிளாஸ்டிக் பை கொண்டுபோக மாட்டோம். எங்கள் தெருவில் வீடு வீடாகச் சென்று குப்பையை ஆற்றில் போட வேண்டாம் என்று சொல்வோம். நீங்களும் எங்களுக்கு உதவ வேண்டும். இப்படிக்கு, ஆறாம் வகுப்பு மாணவர்கள்.”

இ. “மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம். வகுப்பில் சேரும் பிளாஸ்டிக் உறைகளைச் சாக்கில் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுப்போம். அவை வாய்க்காலில் விழாததால் ஆற்றுக்கும் போகாது. வீட்டுப் பூசைப் பூக்களை ஆற்றில் போடாமல் பள்ளித் தோட்டத்தில் உரமாக்குவோம். தண்ணீரில் பூ அழுகி நாறுவது குறையும். இப்படிக்கு, ஆறாம் வகுப்பு மாணவர்கள்.”

மூன்றும் ஏறத்தாழ ஒரே நீளம். இது தற்செயல் இல்லை. நீளம் வேறுபட்டால் பிள்ளைகள் நீளமானதைத் தேர்வார்கள். கையெழுத்து வேறுபட்டால் அழகானதைத் தேர்வார்கள். எனவே ஒருவரே எழுத வேண்டும், எழுத்துப்பிழை எதிலும் இருக்கக் கூடாது. தலைப்பைப் பற்றி மட்டும் எழுதிய அ விடைதான் மூன்றிலும் நடை அழகு கூடியதாக இருக்க வேண்டும். அதை வேண்டுமென்றே மட்டமாக எழுதிவைத்தால் “மோசமா எழுதியிருக்கு, அதான் தப்பு” என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். இந்த வழி தோற்றுப்போகும் வகுப்புகளில் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்.

கேட்கும் கேள்வியும் முக்கியம். “எது நல்லா இருக்கு?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “அ” என்று கத்தும். “எது கேட்டதைச் செய்திருக்கு? எந்த வரியில செய்திருக்கு, காட்டு” என்று கேட்க வேண்டும். பிள்ளை இ விடையில் “ஆற்றுக்கும் போகாது” என்ற வரியில் விரலை வைத்து இதுதான் பயன் என்று காட்டும்போது, ஆ விடையில் அப்படி ஒரு வரி இல்லை என்பதையும் தானே கண்டுபிடிக்கும். இதற்கு 15 நிமிடம் ஆகும். மீதி 25 நிமிடத்தில் அதே மாதிரி வேறொரு வினாவுக்கு எழுதச் சொல்லுங்கள். அதே வினாவுக்கு எழுதச் சொன்னால் இ விடையைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

ஒப்பிடுக என்ற வினாவுக்கும் இது மிகவும் ஏற்றது. மதுரையின் பேருந்து நிலையங்களான மாட்டுத்தாவணியையும் ஆரப்பாளையத்தையும் ஒப்பிடச் சொன்னால், மாட்டுத்தாவணிக்கு ஒரு பத்தி, ஆரப்பாளையத்துக்கு ஒரு பத்தி என்று இரண்டு தனிக் கட்டுரை வரும். “திருச்சி, திருநெல்வேலிக்கு மாட்டுத்தாவணியில் ஏற வேண்டும், தேனி, கோவைக்கு ஆரப்பாளையத்தில் ஏற வேண்டும்” என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருவதுதான் ஒப்பீடு என்பதை எத்தனை முறை விளக்கினாலும் ஏறாது. இரண்டு மாதிரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடனே ஏறும். “கீழடி அருங்காட்சியகம் சென்றுவந்த நண்பரிடம் நீ கேட்க விரும்பும் ஐந்து வினாக்களை எழுதுக” என்பதற்குக் கீழடியைப் பற்றிக் கட்டுரை எழுதும் வழக்கமும் அப்படித்தான் மாறும்.

குறை: வாரம் ஒரு முறைக்கு மேல் மாதிரி தயாரிக்க ஆசிரியரால் முடியாது. போன ஆண்டுத் தாள்களிலிருந்து எடுக்கலாம், ஆனால் அதே பள்ளிப் பிள்ளையின் தாளைப் பெயரோடு காட்டக் கூடாது. கையெழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் மாற்றி எழுதியே பயன்படுத்த வேண்டும்.

யாருக்கு எது

மூன்று, நான்காம் வகுப்புக்கு: மாதிரி ஒப்பீடு, இரண்டே விடை, வாய்வழியாக. அதோடு பேச்சில் திருப்பிச் சொல்வது. குறியிடலை இந்த வயதில் தொடங்க வேண்டாம், வட்டம் போடுவதே விளையாட்டாகிவிடும். ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர் இருக்கும் கிராமப் பள்ளிகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிகளைச் சின்னப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டலாம். இரண்டு தரப்புக்கும் பயிற்சி.

ஐந்து, ஆறாம் வகுப்புக்கு: முதல் மூன்று வாரம் மாதிரி ஒப்பீடு, அதற்குப் பிறகு பின்னாலிருந்து குறியிடுவது, ஓரத்தில் எண்ணோடு. துண்டுச் சீட்டு எப்போதும்.

ஏழு, எட்டில் கடிதமும் விண்ணப்பமும் வரும் வாரங்களில் மட்டும் ஐந்து கேள்விச் சட்டகம். பத்தாம் வகுப்பில் புதிய முறை எதையும் கொண்டுவராதீர்கள். பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்கவென்று 10 நிமிடம் தருகிறார்கள். அதைத் தெரிந்த வினாவைத் தேடுவதற்குச் செலவிடாமல், நெடுவினாக்களைக் கடைசிச் சொல்லிலிருந்து படித்து வேலைகளை எண்ணப் பழக்கினால் போதும். நெடுவினாவோடு குறிப்புச் சட்டகம் தந்திருந்தால் அதில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு வேலைதான். நான்கு குறிப்பு இருக்கும்போது மூன்று உட்தலைப்பு போடுவது அங்கே நடக்கும் வழக்கமான இழப்பு.

நோட்ஸ் கட்டுரையை இறக்கும் நான்காம் கட்டுப் பிள்ளைகளுக்கு வழியைவிட வினாவை மாற்றுவது பலன் தரும். மனப்பாடத்தில் இல்லாத ஊர், தெரு, எண்ணிக்கை, வாசகர் ஆகியவற்றை வினாவிலேயே வைத்துவிடுங்கள். “பொங்கல்” என்று கேட்காமல், “பொங்கலன்று உன் தெருவில் காலை 8 மணிக்கு என்ன நடந்துகொண்டிருக்கும் என்று, வெளியூரில் இருக்கும் உன் அத்தைக்கு எழுதுக” என்று கேளுங்கள். நோட்ஸில் அதற்கு விடை கிடையாது.

வினாவே சரியில்லாதபோது

இதைச் சொல்லாமல் விட முடியாது. “மழைநீர் சேமிப்பு. கட்டுரை வரைக.” இதில் என்ன கேட்கப்பட்டிருக்கிறது? ஒன்றுமில்லை. புரிந்துகொள்ள எதுவும் இல்லாத வினாவைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் புரியவில்லை என்பது அநியாயம். வகுப்பில் நீங்களே கொடுக்கும் வினாவாக இருந்தால் நான்கைச் சேர்த்துத் திருத்துங்கள்: யாருக்கு, எந்த வடிவம், என்ன வேலை, எவ்வளவு. “உங்கள் பள்ளிக் கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்க என்ன செய்யலாம் என்று இரண்டு வழிகளைக் கூறி, எது எளிது என்பதற்குக் காரணம் காட்டித் தலைமையாசிரியருக்கு ஒரு பக்க அளவில் விண்ணப்பம் எழுதுக.” இப்போது வேலை இருக்கிறது. ஒரே வினாவில் மூன்று வேலைக்கு மேல் அடுக்காதீர்கள், ஆறாம் வகுப்புக்கு அதுவே அதிகம்.

தேர்வில் அப்படிப்பட்ட வெறும் தலைப்பு வந்தால் பிள்ளை என்ன செய்வது? தலைப்பின் மேல் தானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: ஏன் தேவை, எப்படிச் செய்வது, செய்யாவிட்டால் என்ன ஆகும். அந்த மூன்றுமே உட்தலைப்புகள். இதையும் ஒரு பாடவேளை ஒதுக்கிப் பழக்குங்கள், எழுதாமல், கேள்விகளை மட்டும் கேட்கவைத்து.

வீட்டில் அம்மாவோ அப்பாவோ உதவும்போது ஐந்து வழியும் வேண்டாம். பிள்ளை பென்சிலை எடுக்கும் முன், “எழுதி முடிச்சா இதுல என்னென்ன இருக்கும், விரல்விட்டுச் சொல்லு” என்று கேளுங்கள். மூன்று வேலை கேட்ட வினாவுக்கு இரண்டு விரல்தான் மடங்குகிறது என்றால் விடையைச் சொல்லிக்கொடுக்காமல், “இன்னொன்னு இருக்கு, பின்னாலருந்து படிச்சுப் பாரு” என்று வினாவைத் திருப்பிக் கையில் கொடுங்கள்.